கொம்பியூட்டர் எழுதிய பெயர்

ரொறன்ரோ
12.3.1993

என் மதிப்புக்குரிய உங்களுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதோ? மண்ணெண்ணெய் இல்லாமல் வாழைக்கு எப்படி இறைக்கிறீர்கள்?

பேத்தி பத்மாசினி வீட்டிலிருந்தே கலியாண அழைப்புக் காட் அடித்து விற்கப் போகிறாள். அயல் வீட்டுப் பிள்ளைகளைப் பராமரித்து நான் சேர்த்த காசோடு கொம்பியூட்டர் வாங்கப் போனோம். அவளுக்குக் கலர்த்திரையில் ஆசை. அதை வாங்கினால் பிரிண்டருக்குக் காசு மிஞ்சாது.

"உது என்னத்துக்குப் பிள்ளை? தமிழ் எழுதுமோ எண்டு பார்" என்றேன்.

கடைக்காரத் தம்பி ஆரோ பாவித்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காட்டினான். "ஒரு பேர் சொல்லுங்கோ அம்மா, அடிச்சுக் காட்டுறன்."

"அப்பப்பான்ரை பேரைச் சொல்லுங்கோ அப்பம்மா" என்று இவள் சிரிக்கிறாள்.

நாற்பத்தைந்து வருடம் வாயால் சொல்லாத உங்கள் பெயரைக் கடையில் சொல்வேனோ? தமிழ் எழுத்து ஒட்டிய கட்டைகளைத் தேடித் தேடி நானே குத்தினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். பிரிண்டர் வடிவாக அடித்துத் தந்தது. அதையே வாங்கினோம். முதல் ஓடரும் வந்துவிட்டது.

அந்தத் தாளை இதற்குள் வைத்திருக்கிறேன். கொழும்பு வழியாக இங்கே வருகிறவர்களிடம் கூழுக்குக் கொஞ்சம் ஒடியல் மா கொடுத்துவிடுங்கோ. பதிலை நீங்களே எழுதுங்கோ. "இஞ்சாரும்" என்று தொடங்காமல், ஒருக்கால் என் பெயரை எழுதுங்கோ.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

அன்னப்பிள்ளை