கையுறைக்காரியைப் பெண் பார்க்க வந்தவர்கள்

கார்த்திகை 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மகன் முருகேசன். மருமகள் கௌரி. பேத்தி வனிதா. நாற்காலி கொடுக்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டு மும்தாஜ். வனிதாவைப் பெண் பார்க்க அணைக்கட்டு ஊரிலிருந்து வந்தவர்கள்: பையன் தினேஷ், செல்போன் டவரில் வேலை. அவன் அம்மா சாந்தா. தாய்மாமன் ஏகாம்பரம். இந்த ஏகாம்பரம் தன் மகள் கல்யாணத்தில் எங்களைப் பாதிப் பந்தியில் எழுப்பியவர். அப்போதுதான் ரசம் வந்தது. அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

பையனும் வ.வும் (கை வலி, இனி வ. தான்) ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள். அவளுக்குப் பிடித்துவிட்டது. வாயால் சொல்லமாட்டாள். ஆனால் பெங்களூரிலிருந்து வந்ததும் தன் புடவையைத் தானே இஸ்திரி போட்டாள்.

அவள் வேலை: விண்வெளிக்குப் போகிறவர்கள் போடும் கையுறையைச் சோதிப்பது. இங்கே ஆம்பூரில் ஷூ படிப்பு படித்துவிட்டு பெங்களூருக்குப் போனாள். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் கையுறையோடு கையை விட்டு, விரல் மடங்குகிறதா, தையல் தாங்குகிறதா என்று பார்ப்பாள்.

கேசரி, பஜ்ஜி. கேசரியில் நெய் கம்மி, கௌரி கைவண்ணம். சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் மேலே போகிறவர்களைப் பற்றியே கேள்வி.

மும்தாஜ்தான் ஆரம்பித்தாள். "ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவாங்க வனிதா?"

"குழாய் இருக்கும்க்கா. காத்தே உறிஞ்சி எடுத்துக்கும். அதயே சுத்தம் பண்ணிக் குடிக்கிற தண்ணி ஆக்கிடுவாங்க."

ஏகாம்பரம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "தோல் கழிவு கலந்த நம்ம பாலாத்து தண்ணிக்கு அது தேவல, குடிங்க" என்றாள் மும்தாஜ்.

பிரியாணி கொண்டுபோகலாமா என்று ஏகாம்பரம் கேட்டார். ஈரத்தை எடுத்து உலர்த்தினால் போகலாமாம். முறுக்கு, அப்பளம் ஆகாதாம். தூள் மிதந்துபோய் கண்ணில் விழும், மிஷினில் புகும்.

நானும் ஒன்று கேட்டேன். "ஏன் மிதக்குறாங்க? பூமி அங்க இழுக்கிறதில்லியா?"

"இழுக்குது ஆயா. விழுந்துக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா பக்கவாட்டுல அவ்ளோ வேகமா போறதால பூமியச் சுத்திச் சுத்தி விழறாங்க. தரையில மோதறதில்ல."

எனக்குப் புரிந்தது. முருகேசனுக்குப் புரியவில்லை, தலையாட்டினான்.

தினேஷ் கேட்டான்: "கையுறைக்குள்ள காத்து இருக்குமே, விரல மடக்க கஷ்டமா இருக்காதா?" அவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். அவள் வாயால் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் கேட்டான். எனக்கே அவனைப் பிடித்தது.

"அதான் எங்க வேலையே. ஊதின பலூன மடக்குற மாதிரி. சில பேருக்கு நகமே கழண்டுடும்." சொல்லும்போது வ. முகம் பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்து சாந்தா கேட்டாள்: "மேல போய்ட்டு வந்த பொம்பளைங்களுக்குக் கொழந்த நிக்குமா?"

"போய்ட்டு வந்து பெத்துக்கினவங்க இருக்காங்க அத்தை. ரொம்ப மாசம் அங்கயே இருந்தா இன்னா ஆவும்னு முழுசா யாருக்கும் தெரியல. கதிர்வீச்சு ஜாஸ்தி. ஆராய்ச்சி பண்றாங்க."

"உனக்கு?"

"நான் மேல போறதில்லயே. தரையிலதான்."

"அந்தப் பெட்டியில கைய வுடுறியே."

"அதுல காத்து கிடையாது, அவ்ளோதான். கதிர் கிதிர் ஒண்ணும் இல்ல."

"தெரியலன்னு இப்பதானம்மா சொன்ன."

வ. தினேஷைப் பார்த்தாள். பழகிய முதல் வாரமே அந்தப் பெட்டியைப் பற்றி அவன் துருவித் துருவிக் கேட்டிருக்கிறான். அவளும் படம் வரைந்து அனுப்பி விளக்கியிருக்கிறாள். என்னிடம் சொன்னாள். இப்போது அவன் பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் ஒற்றிக்கொண்டிருந்தான்.

சாந்தா எழுந்து சொன்னது: "கல்யாணத்துக்கப்புறம் அந்த வேலை வேணாம். இங்க ஷூ கம்பெனி எத்தினி இருக்குது. யோசிச்சு சொல்லுங்க."

கிளம்பிவிட்டார்கள். கேசரி மீதி. மும்தாஜுக்கு ஒரு கிண்ணம்.

கார்த்திகை 8, திங்கள்

மழை இல்லை. வ. காலை ரயில். புடவையை மடித்து இங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

போகும்முன் முருகேசன்: "ஒண்ணும் ஆவாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம்ல?"

"தெரியாதத தெரியும்னு எப்பிடிப்பா சொல்றது?"

"கல்யாணம் ஆவுற வரைக்கும் சொல்லலாம்."

அவள் செருப்பு மாட்டினாள். வேலையை விடமாட்டாள் என்று அப்போதே தெரிந்தது.

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கார்த்திகை 10, புதன்

ஏகாம்பரம் போன் செய்தார். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லையாம். பொண்ணு வேலையை விட்டால் மேலே பேசலாமாம். பையன் என்ன சொல்கிறான் என்று முருகேசன் கேட்டான். "அவன் இன்னா சொல்வான், அம்மா பேச்ச தட்டமாட்டான்" என்றார்.

நான் போனை வாங்கினேன். "டவர் மேல ஏறுற பையன். அதுலயும் என்னென்னவோ கதிர் வருதுன்னு ஊரே சொல்லுது. அவனுக்குக் கொழந்த பொறக்குமான்னு நாங்க ஒரு வார்த்த கேட்டோமா?"

"ஏம்மா, ஆம்பளப் பையனப் பத்தி யாராவது அப்பிடி கேப்பாங்களா? பேஜார் பண்ணாதீங்க." வைத்துவிட்டார்.

அடுப்படியில் கௌரி சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். வெங்காயமும் நறுக்கவில்லை.

தைலம் வாங்கவில்லை.

கார்த்திகை 13, சனி

நல்ல வெயில். போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன். வ. வந்தாள். இளைத்திருக்கிறாள். தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

அவன் பேசினானா என்று கேட்டேன். போனை நீட்டினாள். என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, அவளே படித்தாள். வியாழக்கிழமை அனுப்பியிருக்கிறான். அங்கே நிழல் பக்கம் போனால் பயங்கரக் குளிராமே, கையுறைக்குள் சூடு எப்படி வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அவங்கம்மாவப் பத்தி? ஞாயித்துக்கிழமையப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல ஆயா."

"நீ இன்னா பண்ண?"

"பதில் சொன்னேன். விரல் நுனியில சின்னதா ஹீட்டர் வெச்சிருப்பாங்கன்னு."

"எதுக்குடி சொன்ன?"

"கேட்டாரே."

பிறகு குளிக்கப் போனாள். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது, சொம்புச் சத்தம் இல்லை. நான் கதவைத் தட்டவில்லை.

சாந்தாவுக்குப் பயம், பயந்ததைக் கேட்டாள். போகட்டும். ஏகாம்பரம் சொல்லச் சொன்னதைச் சொன்னவர். முருகேசன் அசடு, ஆனாலும் நான் பெற்றது. பெட்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன் ஒருத்தன் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அம்மா கேட்டிருப்பாள். கூடத்தில் வேண்டிய நேரத்தில் வாய் திறக்காதவனுக்கு இப்போது சந்தேகம் கேட்க வாய் வருகிறது.

மன்னிக்கமாட்டேன்: தினேஷை.