காலைப் படகுக்காக நான் எழுந்து நின்றது

அன்பு மகள் ஹேவோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், டொரண்டோ பனி உன்னை ரொம்பப் படுத்தாமல் இருக்கிறதா? நான் சொல்லப்போவதைப் படித்துச் சிரிக்காதே. திங்கட்கிழமை ஊர்க் கூட்டத்தில் உன் அம்மா மைக் பிடித்துப் பேசிவிட்டாள்!

தீவின் காலைப் படகை நிறுத்தப் போகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்காக மாவட்ட அதிகாரி வந்திருந்தார். ஊர்த் தலைவர் பேக் முதலில் எழுந்து, இங்கே குடியேறிய முன்னோர்கள், கடலின் பெருமை, இளைஞர்களின் எதிர்காலம் என்று போய்க்கொண்டே இருந்தார், படகுக்கு வந்து சேரவே இல்லை. அதிகாரி கொட்டாவியை அடக்கினார். அப்பா என் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், எனக்குப் பொறுக்கவில்லை, கையைத் தூக்கிவிட்டேன். எழுந்த பிறகுதான் பயமே வந்தது. "மதிப்பிற்குரிய... அதாவது... நாங்க என்ன நினைக்கிறோம்னா..." என்று நானும் தலைவர் மாதிரியே இழுத்தேன். எதிர்வீட்டு சுந்தொக் பின்னாலிருந்து, "ஏ ஹேவோன் அம்மா, வீட்டுக்காரரத் திட்டுறப்ப இப்படியா இழுப்ப? அந்த மாதிரி பேசுடி!" என்று கத்தினாள். ஊரே சிரித்தது, அப்பாவும் சிரித்தார், என் நாக்கு அவிழ்ந்துவிட்டது. "ஐயா, இவருக்கு சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு. வாரம் மூணு நாள் அக்கரை ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். அங்க காலையில போனாத்தான் இடம். காலைப் படகு இல்லைன்னா இவரு ஒண்ணு ஊர விடணும், இல்ல உயிர விடணும். எதைன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன். அதிகாரி பேனாவை எடுத்து, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, அப்படியே எழுதிக்கிறேன்" என்றார். அதன் பிறகு சிப்பி விற்கப் போகிறவர்களும் மாசமாக இருக்கும் பெண்ணும் அவரவர் கதையை எழுந்து பட்டென்று சொன்னார்கள்.

இன்று மதியம் ஊர் ஒலிபெருக்கியில் தலைவர் அறிவித்தார், அதையும் நாலு சுற்று சுற்றித்தான்: காலைப் படகு தொடரும்! முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த அப்பா கத்தியை வைத்துவிட்டு, முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "இத்தன வருஷம் இந்த வாய்க்குப் பயந்தே ஓட்டிட்டேன், இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டணும் போல" என்றார்.

நீயும் போனில் எப்போதும் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாய். இனி அது செல்லாது. தூக்கம் வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல், அழுகை வந்தால் அழு, கேட்க நான் இருக்கிறேன். உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ நன்றாக இரு, கண்ணே. முள்ளங்கிக் கிம்ச்சி அனுப்பியிருக்கிறேன், வழியில் புளித்துப் பொங்கியிருக்கும், வந்ததும் டப்பாவை மெதுவாகத் திற.

உன் அம்மா,
ஓக்புன்