யாசீனுக்குப் பிறவியிலேயே இருந்தது

ஜூன் 11, 2024
மாவு பொங்கி வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போது யாசீன் வந்து நின்றான். பத்தொன்பது வயதில் அம்மாவிடம் சொல்லக் கூசுகிற விஷயம். "கீழ ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்கும்மா. அத்தாட்ட நீங்களே சொல்லிருங்க." வலி இல்லையாம். எத்தனை நாளாக என்றேன். சுவரைப் பார்த்தான்.

ஜூன் 13
விரையில் புற்றாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். புற்று என்றால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவார்களாம்.

ஜூன் 14
ஸ்கேன் சென்டரில் பெண் டாக்டர். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டான். ஆண் டாக்டர் பக்ரீத் கழித்துத்தான் வருவாராம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜூன் 17
பக்ரீத். நாத்தனார் நஜ்முன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. கறியைப் பங்கு பிரித்துக்கொண்டே தன் தம்பியான இவரிடம், "சின்னதுல சுன்னத்து செய்ற ஒஸ்தாவ வீட்டுக்குக் கூப்புட்டு வச்சிருந்தா இப்புடி வருமா? ஆஸ்பத்திரிதான் வேணும்னு மதினிதான் ஒத்தக்கால்ல நின்னாக" என்றார். இவர் கறிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே இருந்தார்.
நான்தான் நின்றேன். அதனாலா? யா அல்லாஹ், நான் யாருகிட்டப் போயி கேக்க?

ஜூன் 19
ஆண் டாக்டர் வந்துவிட்டார். ஸ்கேன் அறைக் கதவுக்கு வெளியே நான். உள்ளே அவனைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஸ்கேனில் பார்த்தால் கட்டி மாதிரி இல்லை, மூன்றாவது விரையாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார் டாக்டர்.
மூன்றாவதா? அப்படியும் உண்டா? அது நல்லதா, கெட்டதா?

ஜூன் 22
எடுத்தாயிற்று. ரிப்போர்ட் திங்கட்கிழமை.

ஜூன் 24
புற்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.
படத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவாம். மிக அபூர்வமாம், பிறவியிலேயே வந்ததாம். சுன்னத்துக்கும் இதற்கும் தொடர்பில்லையே என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லவே இல்லை என்றார். எடுக்க வேண்டாம். ஆனால் பின்னால் புற்று வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல் என்பதால் வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.
சாயங்காலம் இவர் அக்காவுக்கு ஃபோன் போட்டார். ஆஸ்பத்திரியால் வந்தது இல்லையாம் என்று எனக்காகத்தான் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அப்ப மதினி வழியில வந்ததா?"
என் வயிற்றில்தானே இருந்தான்.

ஜூன் 21, 2025
இந்த வருட ஸ்கேன். நானும் வாரேன் என்று புர்காவை எடுத்தேன். "வேணாம்மா, நானே போயிக்கிறேன். நீங்க வெளிய உக்காந்து தவிக்கிறதத்தான் என்னால பாக்க முடியல" என்றான்.
மதியம் வந்தான். ஒண்ணுமில்ல, சோறு போடுங்க என்றான். போட்டேன். உண்மையாகவே ஒன்றுமில்லையா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ரிப்போர்ட்டை அவன் காட்டவுமில்லை.
மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.