பொட்டு வைத்த எஞ்சின்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் லாரி வாடகை பில்கள். ஒரே லோடுக்கு இறக்குகூலி இரண்டு முறை போட்டிருந்தார்கள். பிடித்தேன். மாலையில் ஒரு சேதக் கிளைம். எங்கள் சரக்கு நிறுவனம் வழியாகச் சென்னையிலிருந்து பூம்புகாருக்குப் போன படகு எஞ்சின், அடிப்பாகத்தில் விரிசல். வாங்கிய கமலவல்லி புகைப்படம் அனுப்பியிருக்கிறார். எஞ்சின் தலையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

பூஜை போட்டிருக்கிறார்கள் என்றால் நல்ல நிலையில் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? சேதம் பிறகு நடந்தது. அப்படியே எழுதி நிராகரித்தேன்.

மேலாளர் ராஜசேகர் சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். "யாருக்கும்மா இது தோணும்? படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்."

பஸ்ஸில் வீடு வரும்வரை மிதந்தேன்.

ஜூன் 5, வியாழன்

கமலவல்லி ஃபோன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மேல் பலகைய மட்டும் எடுத்துட்டுப் பொட்டு வச்சோம் மேடம். சூடம் காட்டுனப்பறம்தான் கீழ பிரிச்சோம். சாமிக்குக் காட்டாம நாம மொதல்ல பாக்கலாமா?"

"விதி அப்படிங்க."

"மீன்புடி தடைக்காலம் பதினாலோட முடியுது. எல்லாரும் கடலுக்குப் போவாங்க. எங்க படகு மட்டும் கரையில கெடக்கும்."

எந்த விதி? அப்படி ஒன்று எங்கும் இல்லை. நான் உண்டாக்கியது.

ஜூன் 6

என் கணினித் திரையின் மூலையில் காய்ந்த சந்தனப் பொட்டு. போன ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டா வைத்தேன்? அதன் முன்னால் உட்கார்ந்துதான் அந்த நிராகரிப்பைத் தட்டினேன்.

பக்கத்து நாற்காலி பிரதீபா: "உன் கம்ப்யூட்டர் புட்டுக்கிட்டா உனக்கும் கிளைம் கெடையாதுடி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் — எப்படி வந்தது?

ஜூன் 8, ஞாயிறு

ஸ்கூட்டி வந்த அன்று அம்மா எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். ஏற்றிய பிறகுதான் கண்ணாடியில் கீறலைப் பார்த்தோம். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

ஜூன் 10

சாரிடம் கேட்டேன், அந்த ஃபைலைத் திரும்பத் திறக்கலாமா என்று.

"திறக்கலாம். தப்பு யார் பேர்ல போகும்? அடுத்த மாசம் உன்ன நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேம்மா."

அன்பாகத்தான் சொன்னார். சரி சார் என்றேன்.

சரி சார்.

ஜூன் 16

நானாகவே கமலவல்லிக்கு ஃபோன் செய்தேன். அவர் கணவர் காயாரோகணம் வேறொருவர் படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறாராம். "சொந்தப் படகத் தாண்டித்தான் நடந்து போறாரு" என்றார்.

எதற்குக் கேட்டேன்? கேட்டால் குறையும் என்றா?

ஜூன் 19

தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை. சேதப் படங்களில் பொட்டு, பூ, சூடக்கரி தெரிந்தால் சரக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். கீழே: இதைக் கண்டறிந்த ஜெயபாரதி, கும்பகோணம் — நன்றி.

சார் எல்லாருக்கும் காபி வாங்கித் தந்தார்.

பம்புசெட்டுக்கு வைப்பாங்க. டிராக்டருக்கு வைப்பாங்க. கிரைண்டருக்குக்கூட வைப்பாங்களே. அய்யோ, என்ன பண்ணித் தொலைச்சேன்.

முதுகலையில் அழகியல் படித்தேன். ஒரு படத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா?

ஜூன் 20

தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். "தவறு நேர்ந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். யாருக்கோ நேர்ந்தது போல இருந்தது. அழித்தேன். "அப்படி ஒரு விதி இல்லை. நான் உண்டாக்கினேன். இங்கே பொட்டு வைத்த பிறகுதான் சரக்கைப் பிரிப்பார்கள். எழுதும்போதே எனக்கு அது தெரியும்."

கடைசி வரியில் கை நின்றது. பிறகு அதையும் விட்டுவைத்தேன்.

ஜூன் 30

பதில் வந்தது. கருத்துக்கு நன்றி. முடிந்த கோப்பு முடிந்ததுதான். சுற்றறிக்கை தொடரும்.

சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிரதீபா என் முதுகில் ஓர் அடி வைத்தாள். "லூசாடி நீ? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஜூலை 4

நிரந்தரம் தள்ளிப் போய்விட்டது. தண்டனை என்று சொல்லக்கூட அளவு போதாது.

ஜூலை 11, வெள்ளி

கமலவல்லி ஃபோன். எஞ்சினைச் சொந்தச் செலவில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிச் சரிசெய்திருக்கிறார்கள். இப்போதுதான் லாரியில் வந்து இறங்கியதாம். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.

"பாப்பா, பொட்டு வைக்கலாமா?"

என்னிடம் கேட்கிறார். என்னிடம்.

வைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். இதிலும் ஏதாவது உடைந்திருந்தால்? சுற்றறிக்கை இருக்கிறதே.

"மொதல்ல முழுசாப் பிரிச்சுப் பாத்துடுங்கக்கா. அப்பறம் வைங்க."



"சரி பாப்பா."

ஃபோனை அணைக்க மறந்துவிட்டார் போல. தள்ளிப் போன குரலில் கணவரிடம் சொல்வது கேட்டது:

"ஏங்க, அந்தச் சூடத் தட்ட உள்ள கொண்டு வைங்க. அந்தப் பொண்ணு வேணாங்குது."