தூங்குற ஊசி வேணாங்க

தலத்தெரு, காரைக்கால்
14-6-1956

செல்வ மகள் தையல்நாயகிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், திண்டுக்கல் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்பதுதான் கவலை. அடுத்த வீட்டு ரோஷன் பேகம் உன்னை டாக்டரம்மா என்றே விசாரிக்கிறாள்.

வீடுகளுக்குப் போய் நோயாளி பார்க்கிறேன், அவசரத்துக்குப் பையில் என்னென்ன வைப்பது என்று கேட்டிருந்தாய். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், முப்பது வருஷம் டாக்டர் தியாகராசன் ஐயாவின் பையை அடுக்கிய கம்பவுண்டரிடம் கேட்கிறாயே என்று பெருமையாக ஒரு பட்டியல் எழுதினேன். போன வியாழக்கிழமைக்குப் பிறகு அதைக் கிழித்துவிட்டேன்.

அன்று உச்சிப்பொழுது. டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெண் நின்றாள், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. ஆற்றில் இறங்கி வந்தவள் போல முழங்கால் வரை புடவை நனைந்து சொட்டியது. காரைக்கால்மேடு அரசப்பன் வீட்டுல மூச்சு முட்டுது, ஐயாவக் கூட்டிட்டு வாங்க, தூங்குற ஊசி மட்டும் வேணாங்க என்றாள். நான் பையோடு வெளியே வந்தபோது ஆளில்லை, அவள் நின்ற படியில் ஈரமும் இல்லை.

குதிரை வண்டியில் போனோம். அரசப்பனின் இளைய மகள் நீலாயதாட்சி உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தாள், உதடெல்லாம் நீலம். இப்பதான் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன், ஒங்களுக்கு யாருங்க சொன்னா என்றார் அரசப்பன். ஐயா நாடி பார்த்துவிட்டு, இதயந்தான், மார்பியா எடுய்யா என்றார். தூங்க வைக்கும் ஊசி அதுதான், எனக்குக் கை வரவில்லை. வந்தவள் சொன்னதைச் சொன்னேன். ஏன்யா, வாசல்ல நின்னவ டாக்டரு, நான் வண்டிக்காரனா என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் குழாயை மறுபடி முதுகில் வைத்தார். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே விசில். அவர் முகம் மாறியது. இழுப்புதான், அட்ரினலின் குடு என்றார். போட்ட கால்மணி நேரத்தில் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். இழுப்புக்கு மார்பியா போட்டிருந்தால் இருந்த மூச்சும் அடங்கியிருக்கும் என்று உனக்கே தெரியும்.

வந்தவள் எப்படி இருந்தாள் என்று அரசப்பன் கேட்டார். புருவத்தில் தழும்பு என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது மூத்தவள் சொர்ணாம்பாள், இத்தனை வருஷத்தில் எனக்கு முகம் மறந்திருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் அதே வீட்டில், அதே திணறலில், எங்கள் ஊசிக்குப் பிறகு கண் விழிக்காதவள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். சொர்ணாம்பாளைப் பார்க்கப் போன அன்று பையிலிருந்த அட்ரினலின் பழுப்பேறிவிட்டது, கப்பல் வராததால் வேறு கிடைக்கவில்லை. ஐயா எதைப் போடுவது என்று தயங்கியபோது, நல்ல மருந்து இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, மார்பியாவை உடைத்து நீட்டினேன்.

ஆகையால் அட்ரினலினை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பார், நிறம் மாறினால் எறி. மார்பியாவை அதன் பக்கத்தில் வைக்காதே. இதயமா இழுப்பா என்று தெரியாதபோது அமினோபிலின் ஊசி கை கொடுக்கும் என்கிறார் ஐயா. நீ கூச்சக்காரி, நாலு பேர் பார்த்து நிற்கும்போது வாய் திறக்க மாட்டாய், அதுதான் எனக்குப் பயம்.

ஒன்றை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பையெடுக்க நான் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் வாசலில் நின்றவள் கேட்டாள். டாக்டருக்குப் படிச்ச ஒங்க பொண்ணு, இல்லாததை இல்லைன்னு சொல்லுமாங்க என்று. அதற்குப் பதிலை நீ எழுது.

வேளைக்குச் சாப்பிடு. உன் கைபட்ட உயிரெல்லாம் நீடித்திருக்கட்டும், நீயும் தீர்க்காயுசாக இரு. பதிலை மறந்துவிடாதே.

உன் அப்பா,
வைத்திலிங்கம்