தீ எறும்புகளுக்கு விளம்பரம்

சைகோன்
ஆகஸ்ட் 1971

சேசுவின் திருஇருதயம் உங்கள் இருவரையும் அந்தக் குளிர் ஊரில் காப்பதாக.

மகன் ஆந்துவானுக்கும் மருமகள் லூசியேனுக்கும் அம்மா எழுதுவது. உங்கள் மகள் ஜிசேல் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படியுங்கள்.

எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் கன்னியாஸ்திரி அம்மா என் கையெழுத்தைக் காட்டித்தான் மற்றப் பிள்ளைகளைத் திட்டுவார். அந்தக் கை இப்படி எழுதுகிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைத் தபாலில் போடவில்லை. டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கும் சேஷாசலம், மார்செய்க்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறார். அதனால் எதையும் ஒளிக்கவில்லை.

ஜிசேலின் வணிகக் கல்லூரியில் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, விலை போகாத ஒன்றை விலை போக வையுங்கள் என்று வாத்தியார் சொன்னார். ஒரு குழு சோப்பை எடுத்தது. இன்னொரு குழு பாட்டரி விளக்கை எடுத்தது. நம்மவள் ஒரு பாட்டுக் கோஷ்டியை எடுத்தாள். கியென் லுவா என்று பேர். தீ எறும்பு என்று அர்த்தமாம். என் சர்க்கரை டப்பாவில் இலவசமாகவே கிடக்கிறதே, அதற்கா விளம்பரம் என்று கேட்டேன். "ஆயா, நீ மீனை நறுக்கு" என்றாள்.

காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். ஜிசேல் வரைந்த சுவரொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பென் தான் என்கிற பெரிய சந்தையில் காய்காரிகள்கூட நின்று பார்த்தார்கள். த்ருவோங் டின் தெருவில் கோயில் மதிலில் மட்டும் ஒட்டக் கூடாது என்று நான் கண்டித்துச் சொன்னேன். எதிர்க் கடையில் ஒட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிய லாம்ப்ரெட்டா வண்டியில் அவள் குழுவில் இருக்கிற ரோஜே ஊர் முழுக்கச் சுற்றிக் கத்தினான். என் பேத்தி வரைந்தது என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சுவரொட்டியில் பெரியதாக இருந்தது டிரம் அடிக்கிறவனின் முகம். ஷம்சுல் ஆலம். உனக்கு அவன் தகப்பனைத் தெரியும், ஆந்துவான். காரைக்கால் ஜவுளிக் கடை அபுல் ஹசன். ஊருக்குப் போய்வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. தாய் இந்த ஊர்க்காரி, வுங் டாவில் கருவாடு காய வைக்கிறாள். பிள்ளையின் காகிதமெல்லாம் தாய் பேரில்தான். அதனால் இந்த ஊர்ப் பையன்களைப் போல அவனையும் பட்டாளம் தேடியது. அவன் போகாமல் ஒளிந்து திரிந்தான்.

இது ஜிசேலுக்குத் தெரியாது. எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு, எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து அடிப்பான். வெட்கக்காரன் என்று நினைத்தாள். படம் எடுக்கிற அன்று, "இந்த மூஞ்சிய மூடி வச்சா யாருய்யா டிக்கெட் வாங்குவா?" என்று கேலி செய்திருக்கிறாள். அவள் கேட்டாள் என்பதற்காக அவன் கண்ணாடியைக் கழற்றினான். அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜிசேலின் கல்லூரிக் குழுவில் மூன்று பெண்கள். நாலாவது ரோஜே, அவனிடம் நம்மைப் போல பிரெஞ்சுக் காகிதம். பட்டாளத்துக்குப் பயப்பட வேண்டியவர் அதில் ஒருவரும் இல்லை. அதனால்தான் முகத்தைச் சுவரில் ஒட்டுவது என்றால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஒரு சினிமாக் கொட்டகையில் கச்சேரி. இடமில்லாமல் நடைபாதையில் நின்றார்கள். இரண்டாவது பாட்டு நடக்கும்போது பட்டாளத்துப் போலீஸ் நுழைந்தது. ஒருவன் கையில் ஜிசேலின் சுவரொட்டி. அதைத் தூக்கிப் பிடித்து மேடையில் ஒவ்வொரு முகமாக ஒத்துப் பார்த்தானாம். ஷம்சு டிரம்மின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டான். விடு என்று துப்பாக்கிக் கட்டையால் விரல்மேல் இடித்தார்கள். விடவில்லை. விரல் உடைகிற வரைக்கும் இடித்தார்கள்.

ஜிசேல் மேடைக்கு ஓடினாள். அதே கட்டை அவள் வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு போய்விட்டது, உதட்டில் தையல். லூசியேன், அழாதே. தையல் ஆறிவருகிறது. பிறகு சனங்கள் நாற்காலிகளைத் தூக்கி வீசினார்கள், அவர்கள் கண்ணீர்ப் புகை விட்டார்கள், கூரையைப் பார்த்துச் சுட்டார்கள். ஓடின கூட்டம் பக்கத்துக் கதவில் மோதியது. அது வெளியில் பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடையோடு வந்த ஒரு பெண் அங்கே நசுங்கிச் செத்தாள். அவள் கையிலும் அந்தச் சுவரொட்டி சுருட்டி இருந்ததாம். அதை ஜிசேல் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தூங்குவதில்லை.

ஷம்சுவை ஏற்றியிருந்த போலீஸ் வண்டியைச் சனங்கள் கவிழ்த்தார்கள். புகையில் அவன் வெளியே வந்தான். ரோஜே அவனை லாம்ப்ரெட்டாவில், ஒலிபெருக்கிக்குக் கீழே சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்தான். எங்கே என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பரணுக்குத்தான்.

மறுநாள் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். நான் பிரெஞ்சுப் பிரஜை, கொன்சுலைக் கூப்பிடு என்று படியில் நின்று கத்தினேன். ஒருவன் என் கையை முறுக்கித் தள்ளினான். மற்றக் கையில் கொதிக்கிற கஞ்சிப் பானை இருந்தது. அவன் காலில் கொட்டியது. தவறிக் கொட்டியது என்று அவர்களிடம் சொன்னேன். உங்களிடம் எதற்குப் பொய்? அவன் அலறின அலறலில் மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே ஏறவில்லை. ஆனால் திரும்ப வருவார்கள்.

கல்லூரியில் என்ன நடந்தது என்றும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது திரித்துச் சொல்வார்கள். பேர் தெரியாத கோஷ்டியை இன்று சைகோனில் தெரியாதவர் இல்லை, இதுதான் வெற்றி என்று வாத்தியார் இவர்களுக்கு முதல் மதிப்பெண் போட்டார். ஜிசேல் மைக்கூட்டை எடுத்துக் கரும்பலகையில் அடித்தாள். கண்ணாடி தெறித்து வாத்தியாரின் கன்னத்தைக் கிழித்தது. இனி அவளை உள்ளே விடமாட்டார்கள். இந்த வேலையில் என்ன கற்றீர்கள் என்று கடைசியில் குழு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினாள்: "விற்பதற்கு முன்னால், நீ ஏன் கண்ணாடி போட்டிருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்." அவ்வளவுதான். வாத்தியாருக்கு அது போதாதாம்.

அவன் இல்லாமல் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். அடித்தாலும் நகரமாட்டாள், உன் மகள்தானே, ஆந்துவான். அவன் பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள், இல்லையென்றால் போர்முனைக்கு அனுப்புவார்கள். உடைந்த விரலோடு அங்கே எத்தனை நாள் இருப்பான்?

இனி எழுதுவது லூசியேனுக்கு.

மகளே, உன் பிள்ளை எட்மோன் இருந்திருந்தால் அவனுக்கு இப்போது இருபத்தொன்று. அவன் இங்கே பிறந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் பதிந்தார்கள். காரைக்காலில் அம்மை வந்து அவன் செத்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது. அவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அவர்கள் புத்தகத்தில் அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான். அவன் பிறப்புப் பத்திரத்தை நீ அந்தச் சின்னச் சட்டையோடு வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். ஆந்துவான் உன்னிடம் கேட்கமாட்டான். நான் கேட்கிறேன். சட்டை உன்னிடமே இருக்கட்டும். பத்திரத்தை இதைக் கொண்டுவருகிறவர் கையில் கொடுத்தனுப்பு.

பையனிடம் சொன்னேன். "என் பேரு ஷம்சு, ஆயா" என்றான். தொழும்போது ஷம்சு, தெருவில் எட்மோன் என்றேன். தலையாட்டினான்.

இனித் தபாலில், எட்மோன் நன்றாக இருக்கிறான், எட்மோனுக்குக் கை ஆறிவருகிறது என்று எழுதுவேன். பதறாதே. நீயும் உன் கையால் அவனுக்கு ஒரு கடிதம் போடு. பிரித்துப் படிக்கிறவர்களுக்குப் பெற்றவள் எழுதினதாகத் தெரிய வேண்டும். என்ன சாப்பிட்டாய் என்று கேள். அவன் பதில் எழுதுவான், விரல் ஆறட்டும்.

என் பேரப்பிள்ளைகள் இருவரையும் மாதா உன் மடியில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா