பச்சை காட்டிய கறுப்புப் பல்

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. புக்கிட் செலம்பாவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மழைதான் விட்டபாடில்லை. கிளாஸ்கோ குளிரில் நீயும் உன் கம்பெனியும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் முனியாண்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் பணம் போட்ட நம் ஆட்கள் பின்வாங்கப் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் போனில் அழுதாயாம். என்னிடம் சொல்லவில்லை. "அப்பா வாயைத் திறந்தா சண்டைதான் வரும், சும்மா இருக்கச் சொல்லுங்கம்மா" என்றாயாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. சரி, நடந்ததைக் கேள்.

அலோர் ஸ்டார் ஜவுளிக்கடைப் பரஞ்சோதி பணத்தை எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள், உனக்கே தெரியும். அவன் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, "அண்ணன் மக செய்யிற மெஷினு பல்லுக்கு உள்ள சொத்தை இருக்கான்னு லைட் அடிச்சுக் காட்டுமாம், யாரு பாத்தா?" என்று ஆரம்பித்தான். நீ மாதிரிக்கு அனுப்பிய கருவி பேனா மாதிரி என் சட்டைப்பையில் இருந்தது. நீ வரும்வரை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். எடுத்தேன். விளக்கப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுதும் படித்தவன் நான், எனக்குத் தெரியாதா? முதலில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா. வெற்றிலை போட்டுப் போட்டுக் கருத்துப்போன பல். வரிசையாக வைத்துப் பார்த்தேன், எல்லாம் பச்சை, சொத்தையே இல்லை. அடுத்து பரஞ்சோதி. பினாங்கில் போய் வெள்ளையடித்துக்கொண்டு வந்த பல், கீழ்க் கடைவாயில் வைத்ததும் சிவப்பு. மண்டபமே சிரித்தது. "என்னாண்ணே, கறுப்புப் பல்லு நல்ல பல்லாம், என் பல்லு சொத்தையாம்! உங்க மக மெஷினுக்குக் கண்ணு தெரியல லா. எனக்கு ஒரு வலியும் இல்ல, அடுத்த மாசம் நான் போட்ட காசு, என் டுயிட்ட எடுத்துக்கிறேன்" என்றான். கறை வேறு சொத்தை வேறு என்று தொண்டை கிழியச் சொன்னேன், யார் கேட்டார்கள்? பாப்பம்மா மட்டும், "வெத்தலைய விடச் சொல்லி உயிர எடுத்தீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்று எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் முடியவில்லை. பரஞ்சோதி மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து நிற்கிறார்கள், பெண்ணின் அப்பனுக்கு ஒரு கன்னம் பந்தாக வீங்கிக் கிடக்கிறது. தாம்பூலம் மாற்றும்போது வாய் அசைக்க முடியவில்லை, அவன் தம்பிதான் பேசினான். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், நான் காட்டிய அதே பல், உள்ளே வேர்வரை அரித்திருக்கிறது. மறு கூட்டத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அதே பல்லுதாண்ணே" என்றான். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்ல வைத்தேன். ஒருவரும் பணத்தை எடுக்கவில்லை மகளே. இப்போது சுங்கை லாலாங்கிலிருந்தெல்லாம் மோட்டாரில் வந்து வாயைக் காட்டுகிறார்கள். முனையில் மாட்டும் உறை தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு.

என் வாயைத் திறக்க வேண்டாம் என்றாய், மற்றவர் வாயைத்தான் திறந்தேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். காதை மூடித் தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

ஒன்று விட்டுப்போனது. மண்டபத்துக்குப் போவதற்கு முன்பே என் வாயிலும் வைத்துப் பார்த்தேன், மேல் கடைவாய்ப் பல் சிவப்பு. வலியே இல்லை. மறுநாளே போய் அடைத்துக்கொண்டு வந்தேன். நீ செய்த கருவி சொன்னது, எனக்கு அது போதும்.

உன் அப்பா,
அம்மாசி